டவர் போய்ப் போய் வரும் போன்: காரணத்தைக் கண்டுபிடித்தது இப்படித்தான்

இந்த ஆண்ட்ராய்டு போன் என் கைக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. கேமரா, பேட்டரி, வேகம் எதிலும் குறை சொல்ல மாட்டேன். நெட்வொர்க் விஷயத்தில் மட்டும் இரண்டு தடவை படாத பாடு படுத்திவிட்டது, இரண்டு தடவையும் காரணம் வேறு. பேசிக்கொண்டிருக்கும்போதே கட் ஆகும், கூப்பிட்டவர்களுக்கு "தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்" என்று வரும், நான் வீட்டில் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். இதே தொல்லையில் இருப்பவர்கள் போனை மாற்றவோ நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றவோ கிளம்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில், நெட்வொர்க் போகும் நேரத்தில் திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் நாம் "டவர் இல்லை" என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் அவை வேறு வேறு நோய்கள். "சிம் இல்லை" என்று வந்தால் சிம்மையோ அதன் தட்டையோ போனால் படிக்கவே முடியவில்லை. "அவசர அழைப்புகள் மட்டும்" என்று வந்தால் ஏதோ ஒரு டவர் காதில் விழுகிறது, ஆனால் உங்கள் சிம்மை அது உள்ளே சேர்க்கவில்லை. "சேவை இல்லை" என்றால் எந்த டவரும் எட்டவில்லை. நான்காவதாக, கோடுகள் முழுசாக இருக்கும், இன்டர்நெட் மட்டும் ஓடாது. அது பெரும்பாலும் ஏபிஎன், விபிஎன், பிரைவேட் டிஎன்எஸ் மாதிரி போனுக்குள் இருக்கும் இன்டர்நெட் செட்டிங்ஸின் வேலை, சிம்மைக் கழற்றித் துடைப்பதால் சரியாகாது.

அப்புறம், அந்தக் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. 2010இல் ஐபோன் 4 வந்தபோது, ஓரத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கையால் மூடிப் பிடித்தால் சிக்னல் விழுகிறது என்று பெரிய சத்தம் எழுந்தது. கோடுகளைக் கணக்கிடும் முறையே தவறாக இருந்து, இருக்க வேண்டியதைவிட அதிகம் காட்டியது என்று ஆப்பிளே அப்போது ஒப்புக்கொண்டது. உண்மையான அளவு டிபிஎம் என்ற எண்ணில் இருக்கிறது, சிக்னலின் பலத்தை அளக்கும் அலகு அது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் பெரும்பாலான போன்களில் தெரியும். ஐபோனில் டயல் செய்யும் இடத்தில் *3001#12345#* போட்டு அழைத்தால் ஒரு பக்கம் திறக்கும். எண் மைனஸில் இருக்கும், பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 4ஜியில் மைனஸ் 80, 85 என்றால் அருமை. மைனஸ் 100 வரை கவலையில்லை. மைனஸ் 110ஐத் தாண்டினால் இழுபறி, 120ஐ நெருங்கினால் எப்போது வேண்டுமானாலும் போகும். 10 குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்கு ஆகிவிட்டது என்று அர்த்தம், 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. நான் வீட்டில் ஒரே இடத்தில் வைத்து அவ்வப்போது இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டேன், கடைசியில் கைகொடுத்தது அதுதான்.

முதல் தடவை வந்தது "சிம் இல்லை". போனைப் பாக்கெட்டில் போட்டு நடந்தால் வரும், மேஜையில் வைத்தால் வராது. இங்கே செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான், ஆனால் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும்: உங்கள் சிம்மை இன்னொரு போனில் போட்டுப் பாருங்கள், அதே கம்பெனியின் இன்னொரு சிம்மை உங்கள் போனில் போட்டுப் பாருங்கள், இரண்டையும் அதே இடத்தில். பலர் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். என் போனில் அந்த வேறு சிம் அசையாமல் நின்றது, என் சிம் இன்னொரு போனிலும் அதே சேட்டையைச் செய்தது. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பொன்னிறத் தகட்டில் ஊசியால் கீறியது போல இணையான கோடுகள், ஒரு மூலை கருத்துப் போயிருந்தது. பழைய மைக்ரோ சிம்மைக் கட்டரில் வெட்டி நானோ ஆக்கியது அது. நானோ சிம்மின் தடிமன் 0.67 மில்லிமீட்டர், மைக்ரோ சிம்முக்கு 0.76. ஓரத்தை வெட்டினால் நீளமும் அகலமும் குறையும், தடிமன் குறையாது. அந்தக் கூடுதல் தடிமன் போனுக்குள் சிம் போய் உட்காரும் இடத்தில் இருக்கும் மெல்லிய பின்களை அழுத்திக்கொண்டே இருக்கும். அதே நம்பருக்குப் புது சிம் வாங்கிப் போட்டதும் அந்தத் தொல்லை அன்றோடு தீர்ந்தது. வெட்டிய சிம்மை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மற்ற எதையும் பார்ப்பதற்கு முன்னால் அதை மாற்றுங்கள். 2ஜி காலத்துச் சிம்மாக இருந்தால் 4ஜியில் சேரவே சேராது.

நடுவில் இன்னொரு சின்னத் தொல்லையும் இருந்தது. 5ஜி சிக்னல் பாதி எட்டும் இடத்தில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவும், ஒவ்வொரு தாவலிலும் டேட்டா சில நொடி நின்றுவிடும். நெட்வொர்க் வகையை 4ஜி என்று மாற்றி வைத்தேன், அடங்கிவிட்டது. ஆனால் *#*#4636#*#* போட்டு வரும் பக்கத்தில் "எல்டிஇ ஒன்லி" (4ஜி மட்டும்) என்று பூட்டிவிடாதீர்கள். உங்கள் சிம்மில் வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, வேலை செய்யவில்லை என்றால் போன் அழைப்பே வராமல் போகும்.

இரண்டாவது தடவைதான் பெரிய சோதனை. போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போய், ஒரு சர்வீஸ் இடத்தில் மாற்றி வாங்கினேன். படம் பளிச்சென்று இருந்தது, தொடுதிரையும் சரி. ஆனால் அன்றிலிருந்து அழைப்புகள் அறுந்தன, போன் சூடானது, பேட்டரி மாலைக்குள் காலியானது. டவர் தூரமாகத் தெரிந்தால் போன் சத்தமாகக் கத்த வேண்டியிருக்கிறது, சாதாரண 4ஜி போன் வெளியே அனுப்பும் சிக்னலின் உச்சபட்சம் 23 டிபிஎம், அதாவது சுமார் 200 மில்லிவாட். அந்த உச்சத்திலேயே நின்றால் சூடும் பேட்டரி செலவும் வராமல் என்ன செய்யும்?

குறித்து வைத்திருந்த எண்ணோடு ஒப்பிட்டேன். அதே இடம், அதே சிம். முன்பு மைனஸ் 90 சொச்சம், இப்போது மைனஸ் 110க்கும் கீழே. பக்கத்தில் வைத்த இன்னொரு போனில் அதே கம்பெனி சிம் பழைய அளவையே காட்டியது. ஆகவே கோளாறு டவரிலும் இல்லை, சிம்மிலும் இல்லை, போனில்தான். கீழ்ப்பகுதியைக் கையால் பொத்திப் பிடித்தால் உடனே "சேவை இல்லை". ஏரோப்ளேன் மோடு போட்டு எடுத்தால் கொஞ்ச நேரம் வரும், திரும்பப் போகும். நெட்வொர்க் ரீசெட்டும் செய்தேன், பலனில்லை. (அதைச் செய்தால் வைஃபை பாஸ்வேர்டுகள், ப்ளூடூத் இணைப்புகள் எல்லாம் அழியும். சில போன்களில் இ-சிம்மையும் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) அழிக்கவா என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.) வைஃபை நன்றாகத்தானே இருக்கிறது, ஆன்டெனாவில் பிரச்சினை இருக்காது என்று சர்வீஸ் இடத்தில் சொன்னார்கள். அந்த வாதம் நிற்காது. வைஃபைக்கும் டவர் சிக்னலுக்கும் பொதுவாக ஆன்டெனா தனித்தனி.

வேறொரு டெக்னீஷியனிடம் எண்களைக் காட்டியதும் பின்மூடியைத் திறந்தார். பல போன்களில் மெயின் போர்டு மேலே இருக்கும், முக்கிய ஆன்டெனா கீழே சார்ஜிங் போர்டு பக்கம். இரண்டையும் இணைப்பது நூல் அளவே இருக்கும் ஒரு கறுப்புக் கேபிள், அதன் முனையில் கடுகளவு வட்ட மூடி. அந்த மூடி தன் பட்டன் மேல் உட்காராமல் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. டிஸ்ப்ளே மாற்றும்போது கழற்றியவர்கள் திரும்ப அழுத்தவில்லை. அவர் பிளாஸ்டிக் கருவியின் முனையால் அழுத்தினார், "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அதே இடத்தில் பார்த்தேன், மைனஸ் 93.

எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். *#06# அடித்தால் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ வர வேண்டும். அது காலியாக இருந்தாலோ, அபவுட் போனில் பேஸ்பேண்ட் "அன்நோன்" என்று இருந்தாலோ டவரோடு பேசும் பாகமான மோடம் பக்கம் கோளாறு, சிம்மை மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். குளிர்ந்திருக்கும்போது வேலை செய்து சூடானதும் போகிறது என்றால் போர்டில் சால்டர் விட்டுப்போயிருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு, ஒன்றில் பேசும்போது மற்றது எட்டாமல் போவது பல போன்களில் இயல்புதான், பழுது இல்லை.

இப்போது மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடுகிறது. லிஃப்டிலும் தரைக்குக் கீழே உள்ள பார்க்கிங்கிலும் இன்னும் போகும், அங்கே மற்றவர்கள் போனும் அப்படித்தான். அறைக்குள்ளே மட்டும் சிக்னல் குறைவு என்பவர்கள் வைஃபை வழியாகவே அழைப்பு போகும் வைஃபை காலிங்கை ஆன் செய்து பாருங்கள், நிறைய வித்தியாசம் தெரியும். போனைத் திறக்கும் எந்த வேலைக்குக் கொடுத்தாலும், கொடுக்கும் முன் அங்கேயே நின்று டிபிஎம் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், திரும்ப வாங்கும்போது அதே இடத்தில் நின்று பாருங்கள். ஐந்தாறு கூடக்குறைய இருந்தால் சாதாரணம். இருபது குறைந்திருந்தால் காசு கொடுப்பதற்கு முன்பே மூடியைத் திரும்பத் திறக்கச் சொல்லுங்கள்.