13பி ரோட்டரி ரீபில்ட் கிட்: முதல் தடவை வீட்லயே பிரிச்சு மாட்டினேன்

கார் 1989 மாஸ்டா ஆர்எக்ஸ்-7, டர்போ இல்லாத 13பி இஞ்சின். இது ரோட்டரி, அதாவது பிஸ்டனுக்குப் பதிலா ரெண்டு முக்கோண ரோட்டர், ஹவுசிங்ங்கற கூட்டுக்குள்ள சுத்தும். சூட்டோட ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆகாம அடம் பிடிக்கும், காலைல வெள்ளைப் புகை, கூலன்ட் வேற குறைஞ்சுட்டே வந்துச்சு. கம்ப்ரஷன் (உள்ள அழுத்தம்) பாத்தா பின் ரோட்டர்ல ஒரு முகம், அதாவது முக்கோணத்தோட ஒரு பக்கம், சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகூட காட்டல, மேனுவல்ல 6தான் கடைசி எல்லை. (இதுக்கு ரோட்டரி டெஸ்டர்தான் வேணும், ஒரு ரோட்டருக்கு 3 முகம், மூணுக்கும் தனித்தனி ரீடிங் தெரியணும். சாதா கேஜ் இருக்கறதுலயே பெரிய நம்பரை மட்டும் காட்டும், அத நம்பி கார் வாங்கிடாதீங்க.)

இங்க ஆஸ்திரேலியால ரோட்டரிக்குன்னே தனிக் கடைகள் இருக்கு, அதுல ஒண்ணுல முழு கிட் வாங்கினேன். ரோட்டரைச் சுத்தி கசியாம அடைக்கற அபெக்ஸ் சீல் (முக்கோண நுனில) 6, சைடு சீல் (பக்கவாட்டுல) 12, கார்னர் சீல் (மூலைல) 12, ஸ்பிரிங், ஓ-ரிங், கூலன்ட் சீல் எல்லாம் எண்ணிப் பாத்தேன், ஒண்ணும் குறையல. தரமும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பண்ண தப்பு, இஞ்சினைத் திறக்கறதுக்கு முன்னாடியே கிட் வாங்கினது. திறந்து பாத்தா பின் ஹவுசிங்ல ஸ்பார்க் பிளக் பக்கம் குரோம் ஓரத்துல உரிஞ்சிருக்கு. புது சீலை அந்தச் சுவர்ல ஓட விட்டா சீக்கிரமே தேஞ்சிடும், அப்புறம் பழைய ஹவுசிங் ஒண்ணு நல்லதா கிடைக்க ரெண்டு மாசம் அலைஞ்சேன், செலவும் கிட்டத்தட்ட கிட் அளவுக்கு ஆச்சு. 1960கள்ல ஹிரோஷிமால மாஸ்டா இஞ்சினியர் யமமோட்டோ கெனிச்சியோட டீம் மண்டைய உடைச்சுக்கிட்டதும் இதே சுவர்ல சீல் போட்ட கோடுகளுக்காகத்தான், அதுக்கு அவங்க வச்ச பேரே பிசாசோட நகக்கீறல். கையில ஹவுசிங்கைப் பிடிச்சுப் பாக்கும்போதுதான் அந்தப் பேரு ஏன்னு எனக்குப் புரிஞ்சுது.

அதிக நேரம் எடுத்தது சைடு சீல். கிட்ல கொஞ்சம் நீளமாத்தான் வரும், ஒவ்வொண்ணையும் அதோட பள்ளத்துல வச்சு, கார்னர் சீலுக்கும் அதுக்கும் நடுவுல 0.05லேர்ந்து 0.15 மில்லிமீட்டர் இடைவெளி வர்ற வரைக்கும் நுனிய உரசணும். ரெண்டு உரசு உரசி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசுத் தகடு) விட்டுப் பாக்கணும், திரும்ப உரசணும், ஒரு உரசு கூடிப்போனா அந்த சீல் அவ்ளோதான். நான் ஒண்ணைக் கெடுத்துட்டு தனியா ஒண்ணு வாங்கினேன். 12 சீலுக்கு முழுசா ஒரு சனி ஞாயிறு போச்சு, கிட்ல இதப்பத்தி ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லங்கறதுதான் என் குறை.

மாட்டறது அதைவிட சுலபம், வால்வு கிடையாது, கேம் கிடையாது, கனெக்டிங் ராடும் கிடையாது. சீல் விழாம இருக்க வாசலின் தடவி ஒட்ட வச்சு அடுக்கிட்டே போகலாம், இஞ்சின் சூடானதும் அது உருகிடும். ஃபிளைவீல் நட்டுக்கு 54 மில்லிமீட்டர் சாக்கெட் முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க, அப்புறம் தேடி அலையாதீங்க. முன்பக்க போல்ட் முறுக்கற வரைக்கும் ஷாஃப்ட் நகராம பாத்துக்கணும், ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராம தாங்கற த்ரஸ்ட் பேரிங் இடம் மாறினா நசுங்கிடும். எண்ட் பிளே (ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடற அளவு) 0.04லேர்ந்து 0.07 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், எனக்கு 0.05 வந்துச்சு, அந்த நம்பரைப் பாத்தப்பதான் மூச்சே வந்துச்சு.

முதல் ஸ்டார்ட்ல வாசலினும் ஆயிலும் எரிஞ்சு காரேஜ் முழுக்க ஒரே புகை, பத்து நிமிஷத்துல தெளிஞ்சிடுச்சு. சூட்டோட ஆஃப் பண்ணிட்டு திரும்ப சாவி திருப்பினேன், உடனே பிடிச்சுக்கிச்சு, கண்ணு கலங்கிடுச்சு எனக்கு.

கிட்டுக்கு 5க்கு 4. முதல்ல பிரிச்சு ஹவுசிங்கைப் பாருங்க, அப்புறம் ஆர்டர் போடுங்க. இப்ப 1,200 கிலோமீட்டர் ஓடியிருக்கு, புது சீல் பழகட்டும்னு இன்னும் 4,000 ஆர்பிஎம் தாண்டல, கம்ப்ரஷன் ஆறு முகத்துலயும் 7.5க்கு மேல நிக்குது.