துத்திச் செடி என்று 1,850 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள், உஷார்!

ரோட்டோரம் தானாக முளைக்கிற துத்திக்கு 1,850 ரூபாயா என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டே படியுங்கள். எங்கள் ஏரியாவில் காலி மனையே இல்லை. இருக்கிற ஒன்றிரண்டிலும் சாக்கடைத் தண்ணீர். அம்மாவுக்கு மூலத் தொந்தரவு. துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டினால் தேவலை என்றார். சரி, மாடித் தொட்டியிலேயே வளர்ப்போம் என்று, மூலிகைக் கன்றுகளைக் கூரியரில் அனுப்பும் ஒரு ஆன்லைன் நர்சரியில் ஆறு கன்று கேட்டேன்.

போனை எடுத்தவர் அவ்வளவு பாந்தமாகப் பேசினார். "அம்மாவுக்காண்ணே? அப்ப நானே பார்த்து நல்ல கன்னா எடுத்து வைக்கிறேன். மருந்து விஷயம், மாத்திக் கொடுத்தா பாவம்ணே" என்றார். பாவமாம்! வாட்ஸ்அப்பில் படமும் வந்தது. இதய வடிவ இலை, மஞ்சள் பூ, சுற்றிலும் பல் பல்லாக நிற்கும் காய். அச்சு அசல் துத்தி. உடனே 1,850 ரூபாயைப் போட்டுவிட்டேன்.

வந்த கன்றுகளின் இலையில் மெத்தென்ற அந்தச் சுணையே இல்லை. மூன்றாகவும் ஐந்தாகவும் பிளந்த இலை. மொட்டு விரிந்ததும் சந்தேகமே போய்விட்டது: சிவப்பு நரம்போடிய ஆரஞ்சுப் பூ, குட்டி லாந்தர் மாதிரித் தலைகீழாகத் தொங்கியது. துத்தியின் தூரத்து உறவான தென் அமெரிக்க அலங்காரச் செடி அது. நர்சரிகளில் அபுட்டிலான் என்பார்கள். துத்தியின் தாவரவியல் பெயரும் அபுட்டிலான் இண்டிகம். அந்தப் பெயர் ஒற்றுமையில்தான் தலையில் கட்டியிருக்கிறார்கள். அம்மா அந்த இலையைப் பறித்து வதக்கியிருந்தால்?

கேட்டதற்கு முதலில், "மண்ணு மாறினா இலை மாறும்ணே." பூவைப் படமெடுத்து அனுப்பினால், "அது ஹைபிரிட் துத்தி, இன்னும் வீரியம்." பணத்தைக் கேட்டதும் அண்ணன் போய் சார் ஆகிவிட்டேன்: "உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது சார்." அப்புறம் பிளாக். 1,850 ரூபாய் அவ்வளவுதான். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எரிச்சலில் முடியவில்லை. கன்றையே வீடியோவில் காட்டச் சொல்லுங்கள், படத்தை நம்பாதீர்கள். பூ தொங்கினால் துத்தி இல்லை. முழுப் பணத்தை முன்கூட்டி அனுப்பாதீர்கள். பக்கத்தில் யார் வீட்டிலாவது துத்தி இருந்தால் காய்ந்த காயை வாங்கி விதையைத் தூவிவிடுங்கள், காசே வேண்டாம்.