கழித்துப்போட்ட கணினிகளில் ஒரு கிளஸ்டர்: சேலத்தில் சில வருட அனுபவம்

எங்கள் கல்லூரி லேபில் கழித்துப்போட்ட எட்டு கணினிகளை ஒரு கிகாபிட் ஸ்விட்சில் கோத்து, ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்யும் கிளஸ்டராக்கி ஓட்டிவருகிறோம். லினக்ஸ், கணினிகள் தங்களுக்குள் தகவல் பரிமாற ஓப்பன்எம்பிஐ, வேலைகளை வரிசைப்படுத்திப் பிரித்துக்கொடுக்க ஸ்லர்ம் போட்டிருக்கிறோம். யோசனை பழையதுதான். 1994-ல் நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண 486 ரகக் கணினிகளை ஈதர்நெட்டில் இணைத்து 'பெயோவுல்ஃப்' என்று செய்து காட்டிவிட்டார்கள்.

முக்கிய வேலை டபிள்யூஆர்எஃப் (WRF) வானிலை மாதிரி. நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து வானிலையைக் கணக்கிடும் மென்பொருள் அது. முதலில் 9 கி.மீ. கட்டத்தில் ஓட்டினோம். மாணவர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஏற்காடு எங்க?" என்றார். நியாயமான கேள்வி. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டர் அளவில். அத்தனை ஏற்றமும் சில கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. 9 கி.மீ. கட்டம் அதைச் சராசரியாக்கி மொட்டை மேடாக்கிவிடும். மலையில் மோதி மேலேறும் காற்றை அதில் எங்கே பார்ப்பது? 3 கி.மீ.க்கு வந்தால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை தலைகாட்டுகிறது. ஆனால் அதே பரப்புக்குக் கட்டங்கள் 9 மடங்கு, காலப்படியும் (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவு) மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆக 27 மடங்கு கணக்கு. ஒற்றைக் கணினி அங்கேயே படுத்துவிடும்.

எட்டு கணினி போட்டால் எட்டு மடங்கு வேகம் என்று மட்டும் நினைத்து வராதீர்கள். பரப்பைத் துண்டாக்கி ஒவ்வொரு நோடுக்கும் (கிளஸ்டரில் உள்ள கணினிக்கும்) ஒரு துண்டு கொடுக்கிறோம். ஒவ்வொரு காலப்படியிலும் ஒவ்வொரு நோடும் தன் எல்லையோர மதிப்புகளைப் பக்கத்து நோடுக்கு அனுப்பியாக வேண்டும். ஈதர்நெட்டில் ஒரு சின்னத் தகவல் போய்ச்சேரவே பல பத்து மைக்ரோவினாடி ஆகலாம், சூப்பர்கணினிகளில் இருக்கும் அதிவேக இணைப்பான இன்ஃபினிபேண்டில் ஒன்றிரண்டுதான். பரப்பு சின்னதாக இருக்கும்போது நோடைக் கூட்டினால் வேகம் குறையக்கூடச் செய்யும்.

பலரும் கவனிக்காதது ராம். லேப் கணினிகளில் பெரும்பாலும் ஒரே ராம் கார்டுதான் இருக்கும். நினைவகத்திலிருந்து தரவு வரும் வேகம் போதாமல் ப்ராசசரின் நாலு கோரும் சும்மா நிற்கும். இன்னொன்று போட்டு, தரவு இரண்டு பாதையில் வரும்படி இரட்டைச் சேனலாக்கினோம். கூடுதல் கணினி வாங்கியிருந்தால்கூட அந்தப் பலன் கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு.

சித்திரை வெயிலில் ஒரு நோடு சூடேறித் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டால் மற்ற ஏழும் அதற்காகக் காத்து நிற்கும். மின்வெட்டு இன்னொரு தொல்லை. பழைய மதர்போர்டுகளில் பொத்தான் பேட்டரி செத்திருக்கும். கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விட, ஸ்லர்முக்கு அடையாளம் சரிபார்க்கும் மஞ்ச், நேரம் ஒத்துவராததால் அந்த நோடைச் சேர்க்க மறுக்கும். பேட்டரியை மாற்றி, நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் குரோனியையும் போட்டுவிடுங்கள். மாதாந்திர மின்தடை அறிவிப்பு வந்தால் அதற்கு முன், விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் ரீஸ்டார்ட் கோப்பு எழுதும்படி வைத்துக்கொள்கிறோம்.

காட்சிப்படுத்தலில்தான் அதிகம் மாற்றிக்கொண்டோம். கிகாபிட்டின் உச்சமே வினாடிக்கு 125 எம்பி. 10 ஜிபி முடிவை மேசைக்குக் கொண்டுவர மிகக் குறைந்தது 80 வினாடி. கல்லூரி வைஃபையில் என்றால் டீ குடித்துவிட்டு வரலாம். இப்போது தரவை நகர்த்துவதில்லை. ஓப்பன்ஃபோம் (காற்று, நீர் ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) முடிவுகளுக்கு, அவற்றைப் படமாக்கும் பாராவியூ மென்பொருளின் சர்வர் நோடுகளிலேயே ஓடுகிறது, மேசைக்குப் படம் மட்டும் வருகிறது. டபிள்யூஆர்எஃப் கோப்புக்குப் பாராவியூ ஒத்துவரவில்லை. நிலத்தைத் தழுவி வளையும் அதன் அடுக்குகளுக்காகத் தனியாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. வேப்பர் என்ற இன்னொரு மென்பொருள் அதை நேரடியாகப் படிக்கும், ஆனால் அது ஓடும் கணினியில் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். மற்றவற்றுக்கு வேலை அனுப்பும் ஹெட் நோடில் மட்டும் ஒன்று போட்டோம். மலைச்சரிவில் மேகம் திரள்வதை முப்பரிமாணத்தில் பார்த்த பிறகு ஏற்காடு எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

பெரிய கணக்குக்கு இது ஆகாது. திருச்சி என்ஐடியில் 2022-ல் வந்த பரம் பொருள் சூப்பர்கணினி 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. எங்களுடையது அதன் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது. ஆனால் அங்கேயும் ஸ்லர்ம்தான். மாணவர்கள் ஸ்கிரிப்டை இங்கே ஓட்டிப் பார்த்துத் தப்பெல்லாம் களைந்துவிட்டால், அந்த மாதிரி இடத்தில் நேரம் கிடைக்கும்போது வரிசையில் நின்று வாங்கிய நேரம் வீணாகாது.