நான்கு சீசன் களிமண் ஓவல்: கார்ட் டயரோடு பட்ட பாடு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்குக் குடிவந்த புதிதில் இங்குள்ள செம்மண்ணைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வரும். அந்த மண்ணைச் சனிக்கிழமை ராத்திரிகளில் டயரிலிருந்து சுரண்டிக்கொண்டிருப்பேன் என்று அப்போது நினைக்கவில்லை. பையன் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒருநாள் களிமண் ஓவல் பந்தயம், அதாவது நீள்வட்டமான மண் பாதையில் நடக்கும் பந்தயம், பார்க்கப் போனான். அடுத்த மாதமே பழைய கார்ட் (சின்னப் பந்தய வண்டி) ஒன்று எங்கள் கராஜில் வந்து நின்றது. இது நான்காவது சீசன்.

எங்களுடையது பிரிக்ஸ் எல்ஓ206 எஞ்சின். 204 சிசி, சுமார் 8.8 குதிரைத்திறன், தொழிற்சாலையிலேயே சீல் வைத்து வருகிறது. சீலை உடைத்தால் தகுதிநீக்கம். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்று ஆகிவிட்டால், மீதி எல்லாச் சண்டையும் டயரில்தான்.

பர்ரிஸ், மேக்சிஸ், ஹூசியர் என்ற மூன்று பிராண்டு டயரையும் ஓட்டிவிட்டோம். எது நல்லது என்று கேட்டால் என் பதில் சப்பென்று இருக்கும்: முதலில் உங்கள் டிராக்கின் விதியைப் படியுங்கள். பல இடங்களில் எந்த டயர் என்பதை அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். நமக்கு மிஞ்சுவது கடினமா, மென்மையா, புதுசா, மேல் ரப்பரைச் சீவியதா என்ற கேள்விதான். என் அனுபவத்தில் பிராண்டுக்குப் பிராண்டு இருக்கும் வித்தியாசத்தைவிட, ஒரே பிராண்டில் சரியாகத் தயார்செய்த டயருக்கும் செய்யாததற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் டியூரோமீட்டர். ரப்பரில் ஊசியை அழுத்தினால் கடினத்தை எண்ணாகக் காட்டும். எண் குறைந்தால் ரப்பர் மென்மை. முதல் சீசனில் இதைவைத்தே ஏமாந்தோம். காலையில் கராஜில் 54 காட்டிய டயர், மத்தியானம் டிராக்கில் 47 காட்டியது. ரப்பரை இளக்கப் பூசிய மருந்து வேலை செய்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் வந்து டயரைத் தொட்டுப் பார்த்தார். "வெயில்ல கிடந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சூடானால் ரப்பர் இளகும், எண் இறங்கும். அன்றிலிருந்து நிழலில், ஒரே வெப்பத்தில், டயருக்கு நான்கு இடத்தில் அளந்து நோட்டில் எழுதுகிறேன்.

அடுத்தது ஸ்டாகர், அதாவது பின் டயர்கள் இரண்டின் சுற்றளவு வித்தியாசம். கார்ட்டின் பின் அச்சு ஒரே தண்டு. இரண்டு சக்கரமும் சேர்ந்தேதான் சுற்றும். ஓவலில் எப்போதும் இடப்பக்கத் திருப்பம் என்பதால் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். அதனால் வலது பின் டயரின் சுற்றளவு இடதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். எங்கள் கணக்கு இது: இடது 34 அங்குலம், வலது 35¼, இரண்டுக்கும் நடுவே 40 அங்குலம். இந்த அளவில் கார்ட் தானாகவே சுமார் 90 அடி ஆரமுள்ள வட்டத்தில் உருளும். ஸ்டாகர் குறைந்தால் திருப்பத்தில் மூக்கு வெளியே தள்ளும்; கூடினால் நேர்ப்பாதையில் இடப்பக்கம் இழுத்து வேகத்தைத் தின்னும். காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ மாறினாலே சுற்றளவும் மாறுவதால், இடது 5, வலது 6½ என்று காற்றை வைத்த பிறகுதான் அளக்கும் டேப்பைச் சுற்றுவேன்.

இனி பிரெப், அதாவது டயருக்கு மருந்து பூசித் தயார்செய்வது. இரண்டு வகை. வெளிப்பூச்சு என்பது டயரின் மேல்பரப்பில் துடைப்பது. முதல் சில சுற்றுகளுக்குப் பிடிப்பு தரும், அப்புறம் தேய்ந்து போய்விடும். உள்பூச்சு என்றால் திரவத்தை டயருக்குள் ஊற்றி, ரோலரில் மணிக்கணக்காக உருட்டி, ரப்பரை உள்ளிருந்தே இளக்குவது. இது நிற்கும், ஆனால் திரும்பி வர வழியில்லை. சில டிராக்குகளில் இரண்டுக்கும் தடை உண்டு.

இரண்டாம் சீசனில் ஒரு கடைக்காரர் ரகசியக் கலவை என்று ஒரு பாட்டில் விற்றார். அதிகம் ஊற்றினால் அதிகம் பிடிக்கும் என்று நானும் நம்பினேன். சாயங்கால ஹீட்டில் (இறுதிக்கு முந்தைய சின்னப் பந்தயத்தில்) பையன் முதலாவது வந்தான். ராத்திரி இறுதிப் பந்தயத்துக்குள் டிராக் கறுத்துவிட்டது. மண்மேல் ரப்பர் படிந்து தார் ரோடு போலப் பிடித்தது. அந்த நேரத்தில் கடினமான டயரை மாட்டியிருக்க வேண்டும். நானோ அதே மென்மையான டயரோடு அனுப்பினேன். எட்டாவது சுற்றில் கார்ட் இழுக்க முடியாமல் திணறியது. கழற்றிப் பார்த்தால் வலது பின் டயரில் சுட்ட அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. 250 டாலர் செட் குப்பைக்குப் போனது.

அதன்பிறகு நாங்கள் பிடித்துக்கொண்ட வழி எளிது. ஈர மண்ணா? பிடிப்பை மண்ணே தரும். கடின டயர், பூச்சு ஏறக்குறைய இல்லை. காய்ந்து பளபளவென்று வழுக்குகிறதா? மென்மையான செட், லேசாக வெளிப்பூச்சு. கறுத்துவிட்டதா? மறுபடியும் கடின டயர். நடுவில் எது என்று தெரியாத நேரங்கள்தான் அதிகம். அப்போது பையனை டிராக் ஓரம் நடக்கவிட்டுக் குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்க்கச் சொல்கிறேன். என் யூகத்தைவிட அவன் யூகம் சரியாக இருக்கிறது.

சீவிய டயரைப் பற்றி ஒன்று. மெஷினில் வைத்து ரப்பரைக் கொஞ்சம் சீவி மெலிதாக்கினால் சூடு தங்காது, கொப்புளம் அரிது. மூன்றாம் சீசன் முழுக்க எங்களைக் காப்பாற்றியது இப்படிச் சீவிய ஒரு பழைய கடின செட்தான். ஆயுள் குறையும், வாஸ்தவம். எனக்குப் பரவாயில்லை.

பந்தயம் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, பளபளப்பு ஏறிய மேல்தோலைச் சாண்டரால் லேசாக எடுத்து, பிளாஸ்டிக் உறை சுற்றி இருட்டில் வைக்கிறோம். பூச்சு வேலைக்குக் கையுறையும் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடியும் கட்டாயம். இந்தத் திரவங்கள் தோல் வழியாகவும் உள்ளே போகும். முன்பு வீட்டின் கீழ்த்தளத்தில்தான் ரோலர் ஓடியது. துணிமணியெல்லாம் தின்னர் வாடை அடிக்க, வீட்டம்மா ரோலரைப் பின்கட்டுக் கொட்டகைக்கு நாடு கடத்திவிட்டார். நியாயம்தான்.

புதிதாகத் தொடங்குபவர் டியூரோமீட்டர், டேப், ஒரு நோட்டு, ஒரு கடின செட், ஒரு மென்மையான செட் வாங்கினால் முதல் வருஷத்துக்குப் போதும். என் அலமாரியில் இன்னும் பதினொரு பாட்டில் இருக்கிறது. இந்த சீசனில் திறந்தது இரண்டுதான்.