ரயில் நிலையக் குழந்தைகள் உதவி மையம்: ஐந்துக்கு நான்கு

இதற்கெல்லாமா ரிவ்யூ என்று கேட்காதீர்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், தெற்கே ஒரு பெரிய ஜங்ஷன். போன மாதம் ராத்திரி வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு பையன், பதினொன்று பன்னிரண்டு வயது இருக்கும், பள்ளிக்கூட டவுசரும் புது டீ-சர்ட்டுமாக, மடியில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. "அண்ணன் டிக்கெட் எடுக்கப் போயிருக்காரு" என்றான். ஒரு மணி நேரமாகியும் எந்த அண்ணனும் வரவில்லை.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அடித்தேன். 1996-ல் மும்பையில் தொடங்கிய அதே சைல்டுலைன் எண்தான், 2023-ல் அரசின் கைக்கு வந்துவிட்டது, காசு கிடையாது. "நீங்க இருக்கிற ஸ்டேஷன்லயே டெஸ்க் இருக்கு சார்" என்றார்கள். இருபது வருடமாக அந்த வழியாகப் போய் வருகிறேன், கண்ணில் பட்டதே இல்லை. தூணுக்குப் பின்னால் ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. போர்டைக் கொஞ்சம் முன்னால் வைத்தால்தான் என்னவாம்?

ஆனால் அங்கிருந்த அக்காவுக்கு முழு மார்க். பேர், ஊர் எல்லாம் அப்புறம்தான், முதல் கேள்வி "சாப்பிட்டியா?" பன்னும் பாலும் உள்ளே போனதும் அவனாகவே சொன்னான்: ஆந்திராவில் முறுக்கு கம்பெனி வேலையாம், அப்பா அட்வான்ஸ் வாங்கிவிட்டாராம். ஆக, இவன் காணாமலே போகவில்லை. காணாமல் போனால் புகார் கொடுப்பார்கள், 2013 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு போலீஸும் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும், வீட்டிலேயே வழியனுப்பி வைத்த பிள்ளையைத் தேடி யார் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறப் போகிறார்கள்? மதுரை, தேனிப் பக்கத்துக் கிராமங்களில் இந்த முறுக்கு கம்பெனிக் கதை புதிதில்லை. மழை பொய்க்கும், வட்டி ஏறும், தெரிந்தவர் மாதிரியே ஒரு புரோக்கர் நோட்டை எண்ணிக்கொண்டு திண்ணையில் வந்து உட்காருவார்.

ஒரு ஸ்டார் குறைத்தது அந்தப் படிவத்துக்காக. 'காரணம்' என்று ஒரே ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள். அக்கா கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி யோசித்துவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் 'முன்பணம்' என்று எழுதினார். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்துவார்களாம், அதற்கப்புறம் பெரும்பாலும் வீடுதானாம். சரி, கடன்? அதற்கு அவரிடம் பதில் இல்லை.

என் வண்டி வந்துவிட்டது. பையைத் தூக்கியபோது அவன் கேட்டான், "வேலைக்குப் போகலைன்னா அட்வான்ஸைத் திருப்பிக் குடுக்கணுமாண்ணே?"

வேண்டியதில்லைடா என்றேன். இப்படி அட்வான்ஸ் கொடுத்து வேலையில் கட்டிப்போடும் கொத்தடிமைக் கடன் செல்லாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. அவன் நம்பவில்லை, அக்கா பக்கம் திரும்பி "நெசமாவா?" என்றான்.