ஏற்காடு நர்சரி: செடி அருமை, பேச்சை மட்டும் நம்பாதீர்கள்

ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் நர்சரிகளில் ஒன்று, பெயர் வேண்டாம். செடிகளில் குறையே சொல்ல முடியாது. ஹைட்ராஞ்சியா கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கிறது, காபி நாற்றின் இலை எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கிறது. பேசினால் விலையும் இறங்கும்.

ஆனால் எதைக் கேட்டாலும் "சேலத்துல தாராளமா வரும் சார்" என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கோபம் வருகிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறரை டிகிரி குறையும் என்று போட்டாலே எட்டு டிகிரி வித்தியாசம் வந்துவிடும். அரபிகா காபிக்கு 18 முதல் 22 டிகிரி வரை இருந்தால் சுகம், 30-ஐத் தாண்டிய சூடு நாள்கணக்கில் நீடித்தால் வளர்ச்சி மந்தமாகி இலை மஞ்சளாகும். சித்திரை வெயிலில் சேலம் அம்மாப்பேட்டை மொட்டைமாடியில் அது என்ன செய்யும்?

என் ஹைட்ராஞ்சியா, காலையில் தண்ணீர் ஊற்றியும், மதியத்துக்குள் துவண்டு இலை ஓரமெல்லாம் கருகிப்போனது. வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக நீரை இழந்தால் அப்படித்தான். சரி, கீழே இருப்பவர்கள் செம்பருத்தி, குரோட்டன்ஸ், காகிதப்பூ வாங்குங்கள். அவை வெயில் தாங்கும். ஊட்டிப் பக்கம் வீடு இருந்தால் ஹைட்ராஞ்சியாவையே எடுக்கலாம். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், வண்டி நிறுத்த இடமே கிடைக்காது.