இரண்டு வருடத் துணி டயப்பர்: புண் எங்கிருந்து வந்தது

மகன் பிறந்த முதல் மூன்று மாதம் அம்மா வீட்டில் இருந்தேன். அங்கே லங்கோடு மட்டும்தான். அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து அம்மா முப்பது உருப்படி தைத்து வைத்திருந்தார். மூச்சா போனால் மடி நனையும். மடி நனைந்தால் மறு நிமிடம் மாற்றிவிடுவோம். அந்த மூன்று மாதத்தில் புண் என்ற பேச்சே எழவில்லை.

கோவைக்குத் திரும்பியதும் பாக்கெட் வைத்த துணி டயப்பர் பன்னிரண்டு வாங்கினேன். மூன்றாவது வாரமே பின்பக்கம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. போனில் சொன்னதும் அம்மா கேட்ட கேள்வி: "துணிதானே போடற, அப்புறம் எப்படி கண்ணு வெந்து போச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. மகனுக்கு இப்போது இரண்டேகால் வயது. பிராண்ட் பெயர் சொல்லப்போவதில்லை. இரண்டு கம்பெனி மாற்றிப் பார்த்தேன், இரண்டிலும் பிரச்சினை ஒன்றுதான்.

லங்கோடு ஒழுகும், இது ஒழுகாது. வெளியுறையில் நீர் புகாத பூச்சு, உள்ளே ஈரம் தெரியாத மெல்லிய துணி, நடுவே உறிஞ்சும் இன்சர்ட். மெத்தை நனையாததால் நாம் மறந்துவிடுகிறோம். உள்ளே தோல் ஊறிக்கொண்டே இருக்கும். ஊறிய தோல் சின்ன உரசலுக்கே கன்றிப்போகும். ஆயும் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். அதிலுள்ள கிருமிகள் மூத்திரத்தை அம்மோனியாவாக உடைக்கும், அந்தக் காரத்தன்மையில் மலத்தோடு வரும் செரிமான நொதிகள் வேகம் பிடித்துத் தோலை அரிக்கும். 'டயப்பர்' என்ற பெயரை நம்பி நான் நான்கு மணி நேரம் விட்டுவைத்திருந்தேன். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அலாரம், ஆய் போனால் அந்த நிமிடமே மாற்றம் என்று வைத்ததில் முதல் சிவப்பு நான்கே நாளில் அடங்கியது.

ஐந்தாவது மாதம் மறுபடி வந்தது. இந்த முறை அலாரத்தின்மேல் பழி போட முடியவில்லை. சிவப்பு சரியாக இன்சர்ட் படுகிற இடத்தில் மட்டும், ஸ்கேல் வைத்து வரைந்தது போல இருந்தது. காலையில் டயப்பரைக் கழற்றினால் கண்ணைக் கரிக்கும் நெடி வேறு. துவைத்து வெயிலில் காய்ந்த இன்சர்ட் ஒன்றை, சந்தேகப்பட்டு, ஒரு பக்கெட் வெந்நீரில் போட்டுக் கையால் பிசைந்தேன். சோப்பு ஒரு துளி போடவில்லை. ஆனால் நுரை பொங்கியது! தண்ணீர் அரிசி கழுவியது போலக் கலங்கியது. இதைத்தான் நாள் முழுக்கக் குழந்தைமேல் கட்டி வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

காரணம் தண்ணீர். எங்கள் வாஷிங் மெஷினுக்குப் போவது போர் தண்ணீர், கோவைக்காரர்கள் பாஷையில் உப்புத்தண்ணி. அதில் சோப்பு நுரைக்காது, அதனால் இன்னும் கொஞ்சம் போடுவேன். அலசும்போது அது போகாது, துணியிலேயே படியும். போதாக்குறைக்கு ஃப்ரண்ட் லோடு மெஷின் தண்ணீரைச் சிக்கனமாகத்தான் எடுக்கும். 'மெத்தென்று இருக்கட்டுமே' என்று நான் ஊற்றிய ஃபேப்ரிக் கண்டிஷனர் நூல்மேல் ஒரு பூச்சாகப் படிந்து உறிஞ்சுகிற திறனையும் கெடுத்திருந்தது. கிருமி சாகட்டும் என்று அத்தை கடைசி அலசலில் ஒரு மூடி ஆன்டிசெப்டிக் ஊற்றிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அதுவும் தோலை எரிக்கிற சரக்குதான். நல்ல எண்ணத்தில் செய்தது, என்ன சொல்வது.

எல்லா இன்சர்ட்டையும் நல்ல சூடான நீரில் ஊறவைத்து, நுரை வராத வரை அலசினேன். ஏழு தண்ணீர் ஆனது. வெளியுறையைக் கொதிநீரில் போடக்கூடாது, பூச்சு போய்விடும். அதற்குப் பிறகு நான் கொண்டுவந்த முறை எளிது: வாசனையில்லாத டிடர்ஜென்ட், கண்டிஷனர் கிடையாது, மெஷினில் ஒரு அலசல் கூடுதல். குழாயில் சிறுவாணித் தண்ணீர் வருகிற நாளில் இரண்டு பக்கெட் பிடித்து வைத்து இன்சர்ட்டுக்குக் கடைசி அலசல் அதில்தான். சிறுவாணித் தண்ணீரை டயப்பருக்கு ஊற்றுகிறாளே என்று மாமனார் இரண்டு நாள் முணுமுணுத்தார். குழந்தையின் பின்பக்கம் தெளிந்த பிறகு அவரே பக்கெட் பிடித்து வைத்தார்.

சிவந்திருக்கும்போது எனக்குக் கைகொடுத்தது ஜிங்க் ஆக்சைடு கிரீம்தான். வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் காற்றாட விட்டு, பிறகு தோல் மறைகிற அளவுக்குத் தடிமனாகப் பூச வேண்டும். அடுத்த முறை அதை முழுக்கச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை, அழுக்கை மட்டும் துடைத்துவிட்டு மேலேயே பூசலாம். ஆனால் இந்த கிரீம் துணியில் ஒட்டினால் அந்த இடம் நீரை உறிஞ்சாது. அதனால் நடுவே ஒரு வேட்டித் துண்டு வைத்துவிடுவேன். அம்மாவின் லங்கோட்டுக்கு இப்படியும் ஒரு மறுபிறவி. பவுடர் வேண்டவே வேண்டாம். ஈரத்தில் மடிப்புக்குள் கட்டிதட்டும். பறக்கும் தூள் குழந்தையின் மூச்சுக்குழாய்க்கும் நல்லதல்ல.

ஒன்பதாவது மாதம் வந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. காதில் சீழ் வந்து ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் பேதி, ஆறாம் நாள் தொடை இடுக்கில் மாட்டிறைச்சி நிறத்தில் சிவப்பு. ஜிங்க் கிரீமை அப்பினேன், மூன்று நாளாகியும் கூடத்தான் செய்தது. மருந்துக்கடையில் கேட்டபோது 'எல்லாத்துக்கும் கேட்கும்' என்று ஒரு ட்யூப் எடுத்து நீட்டினார்கள். அட்டையில் பீட்டாமெத்தசோன் என்று இருந்தது. ஸ்டீராய்டு. மெல்லிய குழந்தைத் தோலில், அதுவும் டயப்பரால் மூடிய இடத்தில், அது அதிகமாக உடம்புக்குள் இறங்கும். வாங்காமல் வந்துவிட்டேன்.

குழந்தை மருத்துவர் தொடை மடிப்பை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார். "ஈரத்துல வர்ற புண்ணு மேடான இடத்துல இருக்கும்மா, துணி படாத மடிப்புக்குள்ள பெரும்பாலும் இருக்காது. இது மடிப்புக்குள்ளயே இருக்கு. ஓரத்துல பாருங்க, பொட்டுப் பொட்டா தனியா தெறிச்சிருக்கு." பூஞ்சைத் தொற்று. குடலில் நல்ல பாக்டீரியாவை ஆன்டிபயாடிக் குறைத்ததும் கேண்டிடா என்ற பூஞ்சை தலைதூக்கிவிட்டதாம். க்ளோட்ரிமசோல் கிரீம் எழுதிக் கொடுத்து, சிவப்பு மறைந்த பிறகும் சில நாள் தொடரச் சொன்னார். கொப்புளம், சீழ், காய்ச்சல் எது வந்தாலும் காத்திருக்காமல் கூட்டிவரச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இன்சர்ட் எல்லாம் 60 டிகிரி வாஷ், பிறகு மொட்டைமாடி வெயில்.

ஐப்பசி மழையில் வெயிலுக்கு எங்கே போவது? மைக்ரோஃபைபர் இன்சர்ட் அடைமழையில் இரண்டு நாளானாலும் உள்ளே குளிர்ச்சியாகவே இருந்தது. முக்கால்வாசி மட்டும் காய்ந்ததைக் கட்டினால் மறுநாளே பொரிப்பொரியாக வந்துவிடும். அந்த மூன்று வாரமும் வெட்கப்படாமல் பேப்பர் டயப்பருக்குப் போனேன். இரவில் இன்றும் அதுதான். துணிதான் புனிதம் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பத்து மணி நேரம் ஈரத்தில் கிடப்பதைவிட எது வறண்டதாக வைக்கிறதோ அது என் மகனுக்குப் போதும்.

பன்னிரண்டில் நான்குக்கு எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது. மீதி எட்டையும் இரண்டு மாதத்துக்கு முன் தங்கைக்குக் கொடுத்தேன். போன வாரம் இரவு பதினோரு மணிக்கு அவளிடமிருந்து ஒரு படம், கூடவே "அக்கா, என்ன பூசறது?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "மடிப்பை விரிச்சு இன்னொண்ணு எடுத்து அனுப்பு, அதுவரைக்கும் எதையும் பூசாதே" என்று பதில் போட்டேன்.